பேய்களின் பட்டியல்

ஒரு பேய்க்கு உயிர் எவ்வளவு, பலம் எவ்வளவு, அது தனியே வருமா கூட்டமாக வருமா, எவ்வளவு வேகமாக நடக்கும், அதன் இருப்பிடத்தில் என்ன பொக்கிஷம் கிடைக்கும், அதன் குணம் நல்லதா கெட்டதா என்றெல்லாம் அகரவரிசையில் விவரம் சேர்த்து ஒரு புத்தகம் எழுத முடியுமா? முடியும். எழுதியும் விட்டார்கள். 1977-ஆம் ஆண்டின் கடைசியில் அமெரிக்காவில் ‘மான்ஸ்டர் மானுவல்’ என்று ஒரு புத்தகம் வெளிவந்தது. கேரி கைகாக்ஸ் என்பவர் எழுதியது. கெட்டி அட்டை போட்ட நூற்றுப் பன்னிரண்டு பக்கங்களில் முந்நூற்றைம்பதுக்கு மேற்பட்ட பிராணிகள் அதில் அடங்கியிருக்கின்றன. பூதங்கள், ராக்ஷஸர்கள், பறவைத் தலை மிருகங்கள், கல்லாக்கும் பார்வை கொண்ட ஜந்துக்கள், நடுநடுவே நமக்கு நன்கு அறிமுகமான யானையும் புலியும்.

இந்தப் புத்தகம் எதற்கு என்று கேட்பீர்கள். ஒரு விளையாட்டுக்கு. 1974-இல் கைகாக்ஸும் டேவ் ஆர்னெஸன் என்ற மற்றொருவரும் சேர்ந்து ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்ற விளையாட்டை வெளியிட்டார்கள். அதில் சதுரங்கத்தைப் போல இரண்டு தரப்பு இல்லை. நாலைந்து பேர் ஒரு மேஜையைச் சுற்றி உட்காருகிறார்கள். ஒருவர் கதை சொல்லுகிறார். மற்றவர்கள் அந்தக் கதைக்குள் ஆளுக்கொரு வேடம் ஏற்கிறார்கள். ஒருவர் வீரர், ஒருவர் மந்திரவாதி, ஒருவர் பூட்டுத் திறக்கும் கள்ளர். “எதிரே குகை, உள்ளேயிருந்து உறுமல் கேட்கிறது, என்ன செய்கிறீர்கள்?” என்று கதை சொல்லுகிறவர் கேட்பார். அவர்கள் தங்கள் உத்தேசத்தைச் சொல்லுவார்கள். அது பலிக்குமா பலிக்காதா என்பதைப் பகடை தீர்மானிக்கும். குகைக்குள் இருப்பது இன்னதென்று கதை சொல்லுகிறவர் பார்த்துக்கொள்வதற்கே இந்தக் கையேடு. இன்று உலகின் பல ஊர்களில், நம் சென்னையிலும் பெங்களூரிலும் உட்பட, இளைஞர்கள் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து மணிக்கணக்கில் இதை ஆடுகிறார்கள். கதை சொல்லிப் பிழைக்கிறவனுக்கு இதைக் கேட்கக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருக்கிறது.

பேய்க்குப் பட்டியலா என்று நாம் சிரிக்க வேண்டியதில்லை. பட்டியல் போடுவதில் நம்மவர்களும் சளைத்தவர்கள் அல்லர். சேந்தன் திவாகரத்தைப் புரட்டினால் தெய்வப் பெயர்த் தொகுதி, மக்கட் பெயர்த் தொகுதி, விலங்கின் பெயர்த் தொகுதி என்று உலகம் முழுவதும் வகுத்து அடுக்கப்பட்டிருக்கும். உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு வரை வரிசைப்படுத்தி வைத்தது தொல்காப்பியம். பிற்காலத்தில் வெள்ளைக்காரர்கள் நிர்வாகத்துக்காக மாவட்டங்களுக்கு ‘மானுவல்’ எழுதினார்கள். திருவிதாங்கூர் ராஜ்யத்துக்கும் நாகம் ஐயா 1906-இல் மூன்று பாகங்களில் ஒரு மானுவல் எழுதினார். காடு எவ்வளவு, வயல் எவ்வளவு, வரி எவ்வளவு, எந்தச் சாதியார் எப்படிப்பட்டவர் என்று அதில் எல்லாம் உண்டு. முன்பின் தெரியாத இடத்துக்குப் போகிறவனுக்குப் பட்டியல் ஒரு கைவிளக்கு. அதில் தவறு இல்லை.

என் மனத்தை உறுத்துவது அந்த அமெரிக்கப் புத்தகத்திலுள்ள ஒரே ஒரு கட்டம்தான். ஒவ்வொரு பிராணிக்கும் கீழே உயிர், கவசம், வேகம், அறிவு என்று வரிசையாக விவரம் எழுதிக்கொண்டே வந்து, ஓரிடத்தில் அதன் ஒழுக்கத்தையும் எழுதிவிடுகிறார்கள். நல்லது, தீயது, இரண்டுமற்றது. ஒழுங்குக்குக் கட்டுப்பட்டது, கட்டுப்படாதது, இடைநிலை. இப்படி மூன்றும் மூன்றும் பெருகி ஒன்பது வகை. கையில் புத்தகம் இருந்தால் எதிரே வருகிற ஜந்துவின் ஆத்மாவைப் பற்றிச் சந்தேகமே இல்லை. பார்த்த மாத்திரத்தில் கொல்லலாம். கொன்ற பிறகு மனம் கலங்க வேண்டியதில்லை. அதன் பெயருக்கு எதிரே ‘தீயது’ என்று அச்சிட்டிருக்கிறதே!

ஓர் இனம் முழுவதற்கும் எதிரே ‘தீயது’ என்று எழுத நமக்கு உரிமை உண்டா? இதுதான் என் கேள்வி. விளையாட்டுப் புத்தகத்தை வைத்துக்கொண்டு இவ்வளவு பெரிய கேள்வி எதற்கு என்று தோன்றலாம். சற்றுப் பொறுங்கள்.

முதலில் நம் ராக்ஷஸரைப் பார்ப்போம். அந்தப் புத்தகத்தில் அவரும் இருக்கிறார். படத்தில் அவருக்குப் புலித் தலை, கையில் புகைக்குழாய், சீமைப் பிரபுவின் தோரணையில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார். மந்திரித்த அம்பு பட்டால் மாண்டுபோவாராம். வால்மீகியிடமோ கம்பனிடமோ இந்தச் செய்தி கிடைக்காது. 1974-இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் வந்த ஒரு திகில் கதையிலிருந்து எடுத்துக்கொண்டது. அதைப் பற்றி எனக்குக் கோபம் இல்லை. கதைகள் கடல் கடக்கும்போது வேஷ்டியை அவிழ்த்துவிட்டுக் கால்சட்டை மாட்டிக்கொள்வது வழக்கந்தான். ஆனால் ராக்ஷஸருக்கு எதிரே குணம் என்ற கட்டத்தில் ‘தீயது’ என்று போட்டிருக்கிறது. இந்த இடத்தில் எனக்கு விபீஷணன் ஞாபகம் வருகிறான். அவனும் அந்தக் குலத்தில் பிறந்தவன். அசுர குலத்தில் பிறந்த பிரகலாதனை எந்தக் கட்டத்தில் எழுதுவது? மகாபலியை எங்கே எழுதுவது? ஆவணி பிறந்தால் நாஞ்சில் நாட்டிலும் அதற்கு வடக்கே மலையாள தேசம் முழுவதும் வாசலில் பூக்கோலம் இட்டு ஓர் அசுரனின் வருகைக்கு அல்லவா காத்திருக்கிறார்கள்?

அந்தப் புத்தகத்துக்குள்ளேயே ஒரு சிக்கல் இருக்கிறது. அதில் புலிக்கு என்ன குணம் போட்டிருக்கிறது தெரியுமா? நல்லதும் அல்ல, தீயதும் அல்ல. யானைக்கும் அப்படியே. இது நியாயம். புலி மனிதனைத் தின்றால் அது பசி; யானை மிதித்தால் அது மதம். அறிவும் தேர்வும் இல்லாத இடத்தில் பாவம் இல்லை என்பதைக் கைகாக்ஸ் ஒப்புக்கொண்டிருக்கிறார். சரி. அப்படியானால் தீமைக்கு அறிவு வேண்டும். இது செய்யலாம், இது செய்யக்கூடாது என்று நிறுத்துப் பார்க்கும் சக்தி வேண்டும். ஆனால் அந்தச் சக்தி ஓர் இனத்துக்கு இருக்குமானால், அதில் ஒருவன் இப்படியும் மற்றொருவன் அப்படியும் தேர்ந்துகொள்ள முடியும் அல்லவா? எல்லாரும் ஒன்றுபோலத் தீயவராகத்தான் இருந்தாக வேண்டும் என்றால் அவர்களுக்குத் தேர்வு இல்லை. தேர்வு இல்லையென்றால் அவர்களும் புலியைப் போலக் குற்றமற்றவர்களே. ஆக, ஓர் இனம் முழுவதும் தீயது என்ற வாக்கியம் தன் காலிலேயே இடறி விழுகிறது.

இன்னொன்று பாருங்கள். அதே புத்தகத்தில் ‘மனிதர்’ என்றும் ஒரு தலைப்பு உண்டு. அங்கே மட்டும் ஒரே வரியில் முடித்துவிடவில்லை. கொள்ளைக்காரர் வேறு, கடற்கொள்ளையர் வேறு, வியாபாரி வேறு, யாத்திரிகர் வேறு என்று பிரித்து, அவரவருக்குத் தனித்தனியே குணம் எழுதியிருக்கிறது. ‘ஆர்க்’ என்ற காட்டு இனத்துக்கு அந்தச் சலுகை இல்லை. அதற்கும் பெண்டு பிள்ளைகள் உண்டென்று புத்தகமே சொல்லுகிறது. ஆனால் பால் குடிக்கும் குழந்தைக்கும் சேர்த்து ஒரே குணந்தான். நம்மைப் பற்றி எழுதும்போது ஆளுக்கு ஒரு பக்கம். பிறரைப் பற்றி எழுதும்போது ஊருக்கு ஒரு வரி. பட்டியல் போடுகிற கை யாருடையது என்பதை இதைவிடத் தெளிவாக எது காட்டும்?

அமெரிக்காவை விட்டு நம் பக்கத்துக்கு வருவோம். பத்மநாபபுரம் 1795 வரை திருவிதாங்கூரின் தலைநகரம். அதன் பிறகு தலைநகரம் திருவனந்தபுரத்துக்குப் போயிற்று, அரண்மனை நின்றது. 1956-இல் ஊர் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. அரண்மனையை இன்றும் கேரள அரசு பராமரித்து வருகிறது. இந்த இரண்டு தலைநகரங்களுக்கும் நடுவே ஒரு காலத்தில் பெருங்காடு. அந்தக் காட்டு வழியில் ஒரு யக்ஷி இருந்தாளாம். அழகிய பெண்ணாக வந்து வழிப்போக்கரிடம் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு கேட்பாள்; கொடுக்க நின்றவன் வீடு திரும்புவதில்லை. கடைசியில் கடமற்றத்துக் கத்தனார் என்ற மந்திரவாதப் பாதிரியார் அவள் தலையில் ஓர் இரும்பு ஆணியை அறைந்து, அவளைச் சாதுவான பெண்ணாக்கிக் கூட்டிக்கொண்டு போனார். கொட்டாரத்தில் சங்குண்ணி 1909 முதல் 1934 வரை எட்டு பாகங்களாக வெளியிட்ட ‘ஐதிஹ்யமாலை’யில் இந்தக் கதை இருக்கிறது.

இது வழிப்போக்கர்கள் சொன்ன கதை. அமெரிக்கப் புத்தகத்தின் பாணியில் இதை எழுதிவிடலாம். யக்ஷி: தனியே வருவாள், இடம், காட்டு வழி, ஆயுதம், அழகு, பலவீனம், இரும்பு ஆணி, குணம், தீயது.

ஆனால் நாஞ்சில் நாட்டு ஜனங்கள் வில்லுப்பாட்டில் கேட்டு வந்த கதை வேறு. அவர்களுடைய பெண்ணின் பெயர் நீலி, காடு கள்ளியங்காடு. பிற்காலத்தில் இருவரையும் ஒருத்தியாகவே பேசுகிறவர்களும் உண்டு. நீலி கதைக்குப் பல பாடங்கள் உண்டு. சாரம் இதுதான்: ஒரு தாசிப் பெண்ணிடம் பொருளையெல்லாம் இழந்த நம்பி ஒருவன் அவள் தாயால் துரத்தப்பட்டு ஊரை விட்டுப் போகிறான். அந்தப் பெண் மெய்யாகவே அன்பு வைத்தவள். நகைகளோடு அவனைப் பின்தொடர்ந்து வருகிறாள். கள்ளிக்காட்டில் அவன் மடியில் தலை வைத்து அவள் அயர்ந்து தூங்குகிறாள். நகைகளுக்கு ஆசைப்பட்டு அவன் அவள் தலையில் கல்லைத் தூக்கிப் போட்டுக் கொல்லுகிறான். சாட்சி, பக்கத்தில் நின்ற கள்ளிச்செடி ஒன்றே. மறுபிறவியில் அவள் நீலியாகவும் அவன் ஒரு வணிகனாகவும் பிறக்கிறார்கள். கள்ளிக் கொப்பைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, அவனைத் தன் புருஷன் என்று ஊராரிடம் முறையிட்டு, நம்பவைத்து, பழி தீர்க்கிறாள். தொண்டை நாட்டுப் பழையனூரிலும் இந்தக் கதை வேறு உருவத்தில் வழங்குகிறது.

இரண்டு கதைகளையும் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். முதற்கதையைச் சொல்லுகிறவன், அவள் என்ன செய்வாள் என்பதை மட்டும் கேட்டிருக்கிறான். இரண்டாவதைப் பாடுகிறவன், அவளுக்கு என்ன செய்தார்கள் என்று கேட்டிருக்கிறான். கேள்வி மாறியதும் காட்டிலிருந்த பேய் பெண்ணாகிவிட்டாள். கதையில் முதல் பாதகம் செய்தது ஒரு மனிதன் என்பதும் தெரிந்துவிட்டது. சி. வி. ராமன் பிள்ளை 1891-இல் எழுதிய ‘மார்த்தாண்ட வர்மா’ நாவலும் இந்தப் பக்கத்துப் பஞ்சவன்காட்டில்தான் தொடங்குகிறது. யக்ஷி நடமாடும் காடு என்று ஊர் நடுங்கிய அந்த இடத்தில் அனந்தபத்மநாபன் வெட்டுப்பட்டுக் கிடக்கிறான். வெட்டியவர்கள் மனிதர்கள்.

நீலி நிரபராதி என்று நான் வாதாட வரவில்லை. சுண்ணாம்பு கொடுக்க நின்ற வழிப்போக்கன் அவளுக்கு என்ன தீங்கு செய்தான்? அவன் சாவுக்கு அவள் பதில் சொல்லத்தான் வேண்டும். நம்பியும் பதில் சொல்ல வேண்டும். ஆனால் இருவரும் பதில் சொல்ல வேண்டியது தாங்கள் செய்த காரியத்துக்கு. யக்ஷியாக இருப்பதற்காக அவளும், ஆணாகப் பிறந்ததற்காக அவனும் தண்டனை பெற வேண்டும் என்றால் அதற்கு நியாயம் என்று பெயர் இல்லை.

நாஞ்சில் நாட்டார் இந்த விஷயத்தில் ஒரு காரியம் செய்திருக்கிறார்கள். ஆரல்வாய்மொழிக்குப் பக்கத்தில் முப்பந்தலில் இசக்கியம்மன் கோயில் இருக்கிறது. நாகர்கோவிலிலிருந்து திருநெல்வேலிக்குப் போகிற வண்டிகள் அங்கே நின்று கும்பிட்டுவிட்டுத்தான் போகும். அந்த இசக்கிதான் நீலி என்பது ஜனங்களின் நம்பிக்கை. வழிப்போக்கரைக் கொன்றவளிடமே வழிப்போக்கர் காவல் கேட்கிறார்கள்! பிள்ளை வரம் வேண்டுகிறவர்கள் மண் பொம்மைகள் செய்து வைக்கிறார்கள். இசக்கி என்ற சொல்லுக்கு மூலம் இயக்கி. அதுவே வடமொழியில் யக்ஷி. பத்மநாபபுரத்துக்கு மேற்கே சிதறால் குன்றில் சமணர்கள் ஒரு காலத்தில் பாறையில் தீர்த்தங்கரர்களைச் செதுக்கினார்கள். அவர்களுக்குப் பக்கத்தில் அம்பிகை என்ற யக்ஷியையும் செதுக்கி வைத்தார்கள். அவள் காவல் தெய்வம், தாய். ஒரே பெயர், குன்றின் மேல் தாய், காட்டு வழியில் பேய், முப்பந்தலில் அம்மன். மூன்றில் எதைக் கட்டத்தில் எழுதுவது?

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. அதையும் பேசிவிட வேண்டும். “பயம் வேண்டாமா? காட்டில் ஆபத்து இருக்கிறது என்று பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டாமா? பாம்பைக் கண்டால் அதன் பூர்வ கதையைக் கேட்டுக்கொண்டா நிற்பது?” என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பாம்பைக் கண்டால் விலகத்தான் வேண்டும். ஆனால் ஆபத்து என்பது வேறு, தீமை என்பது வேறு. ‘இந்த வழியில் இரவில் போகாதே’ என்பது எச்சரிக்கை. ‘இந்த வழியில் இருப்பவர்கள் பிறவியிலேயே கெட்டவர்கள்’ என்பது தீர்ப்பு. எச்சரிக்கை என் உயிரைக் காக்கிறது. தீர்ப்போ பிறர் உயிரை எடுக்க எனக்கு அனுமதி கொடுக்கிறது. பேய்ப் பட்டியலில் முதலாவது இருக்கட்டும். இரண்டாவதை ஏன் எழுத வேண்டும்?

“விளையாட்டுத்தானே?” என்பது மற்றொரு மறுப்பு. விளையாட்டாக மட்டும் இருந்திருந்தால் நானும் பேசாமல் இருந்திருப்பேன். இதே மாதிரிக் கட்டம் மனிதர்களுக்கும் போடப்பட்டது. 1871-இல் ஆங்கிலேயர் குற்றப் பரம்பரைச் சட்டம் என்று ஒன்று கொண்டுவந்தார்கள். 1911-இல் அது சென்னை மாகாணத்துக்கும் வந்தது. ஒருவன் திருடினானா இல்லையா என்று அந்தச் சட்டம் கேட்கவில்லை. எந்தக் கூட்டத்தில் பிறந்தான் என்று கேட்டது. பட்டியலில் கூட்டத்தின் பெயர் ஏறிவிட்டால் கைரேகை கொடுக்க வேண்டும். இரவில் போலீஸ் பார்வையில் படுக்க வேண்டும். வெளியூர் போக அனுமதிச் சீட்டு வேண்டும். உழுது பிழைக்கிறவனும் ஒன்றுதான், களவாடுகிறவனும் ஒன்றுதான். 1920 ஏப்ரல் 3-ஆம் தேதி மதுரைச் சீமையில் பெருங்காமநல்லூர் மக்கள் ரேகை வைக்க மறுத்து நின்றார்கள். போலீஸார் சுட்டதில் ஒரு பெண் உட்படப் பதினாறு பேர் மாண்டார்கள். சென்னை மாகாணத்தில் 1947-இலும் நாடு முழுவதும் 1952-இலும் அந்தச் சட்டம் ஒழிந்தது. எழுபத்தைந்து வருஷத்துக்கு மேல் ஒரு கட்டத்தில் எழுதிய எழுத்து மனிதர்களைத் துரத்தியிருக்கிறது.

அந்தச் சட்டம் நடந்த காலத்திலேயே, 1909-இல், எட்கார் தர்ஸ்டன் தென்னிந்தியச் சாதிகளையும் குலங்களையும் அகரவரிசையில் ஏழு பாகங்களாக எழுதி வெளியிட்டார். அரிய செய்திகள் நிறைந்த நூல். இன்றும் ஆராய்ச்சியாளர்கள் எடுத்துப் பார்க்கிறார்கள். ஆனால் மனிதரின் உயரத்தையும் மூக்கின் அகலத்தையும் அளந்து எண்ணாக எழுதியிருக்கும் பக்கங்களைப் படிக்கும்போது எனக்கு ஏனோ அந்த விளையாட்டுப் புத்தகம் நினைவுக்கு வருகிறது. அளப்பது குற்றம் இல்லை. அளந்து முடித்ததும் ஆளைத் தெரிந்துகொண்டுவிட்டோம் என்று நினைப்பதில்தான் தொல்லை இருக்கிறது.

நல்ல வேளையாக, அந்த விளையாட்டை ஆடுகிறவர்களுக்கே இந்த உறுத்தல் வந்துவிட்டது. ஆர்க் குழந்தையை என்ன செய்வது என்று மேஜைகளில் வெகு நாளாக விவாதம் நடந்து வந்தது. 2020-இல் விளையாட்டை வெளியிடும் கம்பெனியார், ஆர்க் முதலிய இனங்களை இனிமேல் ஒட்டுமொத்தமாகத் தீயவர் என்று சித்திரிப்பதில்லை என்று அறிவித்தார்கள். 2024-இல் வந்த ஆட்டக்காரர் கையேட்டில் ஆர்க்கும் ஆட்டக்காரர் ஏற்கக்கூடிய வேடங்களில் ஒன்று. நேற்று வரை கொல்லப்பட்டவனின் தோலுக்குள் புகுந்து இன்று நாமே பேசலாம். ‘எதிரியே இல்லாமல் விளையாட்டு எப்படி?’ என்று சலித்துக்கொண்டவர்களும் உண்டு. அவர்கள் பயப்பட வேண்டியதில்லை. இனத்தை நீக்கிவிட்டால் எதிரிக்குப் பஞ்சம் வந்துவிடாது. கள்ளியங்காட்டு நம்பி எந்தப் பேயினத்திலும் சேர்ந்தவன் அல்லவே!

நாவல் எழுதுகிறவர்களுக்கு இது பழகிய பாடம். வில்லன் வந்தவுடனே ‘இவன் கெட்டவன்’ என்று முதல் வரியிலேயே எழுதிவிட்டால் கதாபாத்திரம் அங்கேயே செத்துவிடும். பிறகு இருநூறு பக்கம் எழுதினாலும் அது பிணத்துக்குச் செய்கிற அலங்காரந்தான். அவன் ஏன் அந்தக் கல்லைத் தூக்கினான், தூக்கும்போது கை நடுங்கிற்றா, மடியில் தூங்கியவளின் முகத்தைப் பார்த்தானா என்று கேட்கும்போதே கதை நடக்கிறது. கேட்டுவிட்டால் அவனை மன்னித்துவிடுவோம் என்று அர்த்தமில்லை. கேட்ட பிறகு செய்கிற கண்டனத்துக்குப் பலம் அதிகம். அவனும் நம்மைப் போல ஒருவன், நமக்கும் அந்தக் கல் எட்டுகிற தூரத்தில்தான் இருந்தது என்று தெரிந்துகொண்டு செய்கிற கண்டனம் அது.

கத்தனார் கதையின் மீதியைச் சொல்லி முடிக்கிறேன். ஆணி அடித்துச் சாதுவாக்கிய பெண்ணை அவர் காயங்குளத்தில் தெரிந்தவர் வீட்டுக்கு அழைத்துக்கொண்டு போனார். அந்த வீட்டுக் கிழவி, வந்த பெண்ணின் தலையைக் கோதிச் சீவிவிட்டாள். விரலில் ஏதோ தட்டுப்பட்டது, பார்த்தால் ஆணி. ஐயோ பாவம் என்று பிடுங்கிவிட்டாள்! யக்ஷி உடனே மறைந்தாள். கத்தனார் பின்தொடர்ந்து போய், இந்தத் தடவை ஆணி அடிக்காமல், பனையன்னார்காவில் அவளுக்கு ஓர் இடம் கொடுத்துக் குடியிருத்தினார் என்று கதை முடிகிறது. கிழவி செய்தது அசட்டுத்தனம் என்று சிரிக்கலாம். கத்தனாருக்கு அவள் யக்ஷி என்று தெரியும், கிழவிக்குத் தெரியாது. கிழவி கண்டது தலையில் ஆணி ஏறிய ஒரு பெண்ணை. ஆனால் ஆணியால் நடக்காத காரியம் ஓர் இடம் கொடுத்ததால் நடந்தது என்பதையும் அந்தக் கதையே சொல்லுகிறது. பட்டியல் போடுகிறவர்கள் போடட்டும்; குணம் என்ற கட்டத்தை மட்டும், எதிரே வருகிறவர் தம் நடத்தையால் நிரப்புவதற்காகக் காலியாக விட்டுவைத்தால் போதும்.